பத்துக்கு ஒரு புளியங்கொட்டை

"இன்னிக்குச் சாயந்திரம் நான் வௌவால் எண்ணப் போறேங்க. காபி பிளாஸ்கிலே இருக்கு, ஊத்திக் குடிச்சுக்கோங்க."

நான் இப்படிச் சொன்னதும் என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"என்னது எண்ணப் போறே?"

"வௌவால்."

"எண்ணி?"

"எழுதிக் கொடுக்கணும்."

"அறுபத்திரண்டு வயசிலே, கண் ஆபரேஷன் பண்ணி முழுசா ஆறு மாசம் ஆகலே…"

"புதுக் கண்ணுக்கு ஏதாவது வேலை வேணாமா?" என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய்ப் புளிப் பானைக்குப் பக்கத்து டப்பாவிலிருந்து ஒரு கை புளியங்கொட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் அதையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்!

இது நடந்தது 2018-ம் வருடம் ஜூன் மாதம். அதற்கு முந்தைய மாதம்தான் கேரளத்தில், கோழிக்கோடு பக்கம், நிபா காய்ச்சல் வந்திருந்தது. 17 பேர் உயிர் போயிற்று. நோயாளிக்குப் பணிவிடை செய்த லினி என்ற நர்ஸும் அதில் ஒருவர். இரண்டு சின்னக் குழந்தைகளுக்குத் தாய். கணவருக்கு அவர் எழுதி வைத்த கடிதத்தைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டு அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நிபாவுக்கும் வௌவாலுக்கும் சம்பந்தம் என்று டி.வி.யில் சொன்னார்களோ இல்லையோ, எங்கள் ஊரில் எல்லாருடைய கண்ணும் அய்யனார் கோயில் குளக்கரை ஆலமரத்தின் மேல் போய் நின்றது.

அந்த மரத்துக்கு எத்தனை வயது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அதில் எத்தனை காலமாக வௌவால் தொங்குகிறது என்பதும் தெரியாது. நான் கல்யாணமாகி வந்தபோதே தொங்கின. பகலில் பார்த்தால், கறுப்புக் குடைகளை மடித்து மடித்துக் கிளைக்குக் கிளை மாட்டி வைத்த மாதிரி இருக்கும். சின்ன வௌவால் இல்லை, பழந்தின்னி வௌவால். இறக்கையை விரித்தால் நாலு அடி, சிலது அதற்கு மேலும். முகம் மட்டும் நரிக்குட்டி மாதிரி, செம்பட்டை மயிரும் பெரிய கண்ணுமாக இருக்கும்.

மரத்தடியில்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும் குழாய். டீக்கடைக்காரர்தான் முதலில் ஆரம்பித்தார். "மரத்தை வெட்டிப் போட்டுட்டா நிம்மதி" என்றார். "வெட்ட வேணாம், நாலு நாளைக்கு ராக்கெட் வெடி விட்டா தானா ஓடிடும்" என்றார் இன்னொருவர். கொய்யாப்பழம் விற்கிற அம்மாவிடம் ஒருத்தரும் பழம் வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் போட்டு முடிவு செய்வது என்று ஏற்பாடாயிற்று.

உண்மையைச் சொல்லி விடுகிறேன். வெட்டினால் தேவலை என்றுதான் நானும் நினைத்தேன். கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன் அந்தக் குழாயடியில்தான் விளையாடுவான்.

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் மகள் வந்து சேர்ந்தாள். கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தவள். கையில் ஒரு பைனாகுலர், ஒரு கட்டு காகிதம்.

"மரத்திலே எத்தனை இருக்குன்னு யாராவது எண்ணியிருக்கீங்களா அத்தை?"

"வௌவாலை எவடி எண்ணுவா?"

"எண்ணாமலே எப்படி முடிவு பண்றது? நூறா, ஆயிரமா? கூடுதா, குறையுதா? குட்டி போட்டிருக்கா? இது எதுவும் தெரியாம மரத்தை வெட்டினா, அத்தனையும் வேற எங்கே போய்த் தொங்கும்? உங்க வீட்டு மாமரத்திலே தொங்கினா என்ன பண்ணுவீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கொல்லையில் இரண்டு மாமரம் இருக்கிறது.

எண்ணுவதற்கு நாலு பேர் வேண்டும் என்றாள். படித்தவர்கள்தான் வேண்டும் என்று இல்லை, பொறுமையுள்ளவர்கள் வேண்டும் என்றாள். வெளிநாடுகளில் இதை வீட்டுப் பெண்களும் ஓய்வு பெற்றவர்களும்தான் செய்கிறார்களாம். இங்கிலாந்தில் 1996-லிருந்து வருஷா வருஷம் தன்னார்வலர்கள் சாயந்திரத்தில் வௌவால் குடியிருக்கும் வீட்டுக் கூரைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே பறக்கிறதை எண்ணி எழுதி அனுப்புகிறார்களாம். நம் பக்கத்திலும் புதிதில்லை. கோயமுத்தூரில் இருக்கும் ஸூ அவுட்ரீச் என்ற அமைப்பின் மூலமாக, டெரோகவுண்ட் என்ற பெயரில், இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் இதே பழந்தின்னி வௌவால்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு எண்ணியிருக்கிறார்கள். இதையெல்லாம் அவள் சொன்னபோது, இத்தனை பேர் இதை ஒரு காரியமாகச் செய்கிறார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நாலு பேர் சேர்ந்தோம். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், சத்துணவுக்கூட ஆயா, நான், அண்ணன் மகள். டீச்சரைக் கூப்பிடப் போனபோது, "நாற்பது வருஷம் பிள்ளைகளை எண்ணினேன், இப்போ வௌவாலா!" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் சட்டதிட்டம் சொன்னாள். ஒன்று: மரத்துக்கு நேர் அடியில் போகக் கூடாது. தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். எச்சமும் சிறுநீரும் மேலே படக் கூடாது. இரண்டு: தலையில் துணியோ தொப்பியோ, காலில் செருப்பு, மூக்கு வாயை மூட ஒரு துணி. மூன்று: கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை, உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும், வெறுங்கையால் தொடவே கூடாது. நாலு: திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் முகம் கழுவ வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, "கடி கிடி பட்டுட்டா கால் மணி நேரம் சோப்புத் தண்ணியிலே கழுவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடிக்குப் போடற ஊசியைப் போட்டுக்கணும். விட்டுடக் கூடாது" என்றாள். ஆயா பயந்துவிட்டாள். "தொட்டாத்தானே? நாம தொடவே போறதில்லே" என்று நான் தைரியம் சொன்னேன். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

எண்ணுவது இரண்டு விதம். பகலில், தூங்குகிற நேரத்தில், ஒவ்வொரு கிளையாகப் பார்த்து எண்ணுவது. இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும்; ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கக் கூடாது. சாயந்திரம், இரை தேடிப் புறப்படும்போது எண்ணுவது இன்னொரு விதம். சூரியன் மறைந்து அரை மணிக்குள் கிளம்ப ஆரம்பிக்கும். மரத்தைச் சுற்றி நாலு திசையிலும் ஒவ்வொருத்தர் வானத்தைப் பார்த்து நின்று, தன் பக்கமாகத் தாண்டிப் போவதை மட்டும் எண்ண வேண்டும்.

அங்கேதான் புளியங்கொட்டை வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் நடுவில் யாராவது தும்மினால்கூடக் கணக்கு தப்பிவிடுகிறது. "பத்துப் பத்தா எண்ணுங்க. பத்துக்கு ஒரு கொட்டையை டம்ளர்லே போட்டுடுங்க" என்றார் டீச்சர். ஆளுக்கு இரண்டு எவர்சில்வர் டம்ளர். போகிறதுக்கு ஒன்று. சில வௌவால் ஒரு வட்டம் அடித்துவிட்டு மரத்துக்கே திரும்பிவிடும். அந்தக் கணக்குக்கு இன்னொன்று. கடைசியில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட வேண்டும்.

பகல் எண்ணிக்கையில் எனக்கு 386 வந்தது. அண்ணன் மகளுக்கு 412. சாயந்திரம் நாலு பேர் டம்ளரையும் கொட்டிப் பார்த்தால் 530!

"போச்சுடா, எதுடி சரி?" என்றேன்.

"பகல்லே இலை மறைச்சிருக்கும், குறையும். சாயந்திரம் சிலதை ரெண்டு தரம் எண்ணியிருப்போம், கூடும். மூணு நாள் எண்ணி, எல்லாத்தையும் அப்படியே எழுதணும் அத்தை. நமக்குப் பிடிச்ச எண்ணை மட்டும் எழுதக் கூடாது. ஒண்ணு ரெண்டு முன்னே பின்னே இருந்தாப் பரவாயில்லே. ஒவ்வொரு வருஷமும் அதே மாசம், அதே இடத்திலே நின்னு, அதே மாதிரி எண்ணணும். அதுதான் முக்கியம்."

ஆயாவுக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. "பால்வாடியிலே பிள்ளையை அதே தராசிலே மாசா மாசம் நிறுக்கிற மாதிரிதானே?" என்றாள். படித்த பெண் சொன்னதைவிட எனக்கு இது நன்றாகப் புரிந்தது.

இரண்டாம் நாள் பகலில் நான் பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, கிழக்குக் கிளையிலிருந்து ஆரம்பித்தேன். அதற்கு முன் நாற்பது வருஷம் அந்த மரத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை. வெயிலுக்கு ஒன்று இறக்கையை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தது. இன்னொன்று இறக்கையை நக்கி ஈரமாக்கிக் கொண்டிருந்தது. அதுவும் வெக்கை தணியத்தானாம். ஒன்று திடீரென்று கட்டை விரல் நகத்தால் கிளையைப் பற்றி, தலைகீழாக இருந்தது நேராகி, சிறுநீர் கழித்துவிட்டு மறுபடி தலைகீழாகிக் கொண்டது. மேலே படாமல் இருப்பதற்கு! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு இந்த ஒழுங்கு வராதே" என்றாள் ஆயா.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஒரு வௌவால் இறக்கையைக் கொஞ்சம் விலக்கியது. உள்ளே மாரோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. தாய் அதன் முகத்தை நக்கியது. பிறகு, நாம் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக் கொள்வோமே, அதே மாதிரி இறக்கையை மூடிக்கொண்டது.

பைனாகுலரை இறக்கிவிட்டேன். அதற்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை.

"என்னத்தை, கண் வலிக்குதா?" என்று கேட்டாள் அவள். ஆமாம் என்றேன். கண் வலி இல்லை. முப்பத்தொரு வருஷத்துப் பழைய வலி.

என் மகனுக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1987-ல், இழுப்பு வந்தது. பனிக்காலம் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பான். மூச்சு வாங்கும் சத்தம் அடுத்த வீடு வரைக்கும் கேட்கும். காட்டாத வைத்தியம் இல்லை. என் மாமியார், பாவம், பேரன் மேல் உயிர். "பழந்தின்னி வௌவால் கறி கொடுத்தா இழுப்பு விட்டுப் போகும்" என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். இன்றைக்கும் பல ஊர்களில் சொல்கிறார்கள். எனக்கு அருவருப்புத்தான். ஆனால் பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது தாய் எதைத்தான் வேண்டாம் என்பாள்?

வேட்டைக்காரர் ஒருவர் இரண்டைச் சுட்டுக் கொண்டுவந்தார். கிணற்றடியில் வைத்துச் சுத்தம் செய்யப் போனபோது, ஒன்றின் இறக்கைக்குள் ஏதோ அசைந்தது. விலக்கினேன். குட்டி. தாய் செத்து எத்தனை நேரம் ஆகியிருக்குமோ, அது இன்னும் காம்பை விடவில்லை.

அதை ஒரு கிழிந்த துண்டில் சுற்றி, பஞ்சைப் பாலில் நனைத்து வைத்துப் பார்த்தேன். குடிக்கவில்லை. மாலைக்குள் அடங்கிவிட்டது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, அதன் தாயை மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தேன். என் பிள்ளைக்கு ஊட்டினேன்.

அன்று ராத்திரி அவனுக்கு இழுப்பு இன்னும் அதிகமாயிற்று. வண்டி பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டுத்தான் அடங்கியது. "என்ன கொடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் சொல்லவில்லை. வெட்கம். பிற்பாடு வேறு ஒரு டாக்டர், மூச்சுக்குழல் சுருங்குவதால் வருவது இது, மருந்து நேரே மூச்சுக்குழலுக்குப் போக வேண்டும் என்று சொல்லி, வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர் பழக்கிவிட்டார். அதிலிருந்து அவன் தேறினான். வௌவால் கறியால் இழுப்பு தீரும் என்பதற்கு மருத்துவத்தில் ஒரு ஆதாரமும் கிடையாது. இழுப்பு தானாகவே சில நாள் தணியும், சில நாள் ஏறும். தணிந்த நாளில் எதைச் சாப்பிட்டிருந்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. அவ்வளவுதான்.

இந்தக் கதையை அந்த மரத்தடிக்குச் சற்றுத் தள்ளி, திண்ணையில் உட்கார்ந்து, முதல் தடவையாக அந்த மூன்று பேரிடமும் சொன்னேன். ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டிலேயும் கொடுத்திருக்கோம்க்கா" என்றாள்.

அண்ணன் மகள் மெதுவாகச் சொன்னாள்: "வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் அத்தை போடும். அஞ்சு மாசம் சுமக்கும். எலி மாதிரி எட்டு பத்துன்னு போடற பிராணி இல்லே. அதனாலேதான் சுட்டா மறுபடி சீக்கிரம் பெருகாது. அதனாலேதான் எண்றோம்."

அன்று மிச்சக் கிளைகளை எண்ணி முடித்தேன். குட்டியோடு இருந்த தாய்களைத் தனியாக எழுதினேன். 61.

கூட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெண்கள் கோயில் கூட்டத்தில் ஓரமாக நிற்போமே தவிர வாய் திறந்து பேசும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. டீச்சர்தான் காகிதத்தோடு எழுந்தார். "மூணு நாள் எண்ணியிருக்கோம். சுமார் 450 இருக்கு. அதிலே அறுபதுக்கு மேலே பால் கொடுக்கிற தாய். வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் கேளுங்க" என்றார். அவரிடம் வாய்ப்பாடு படித்தவர்கள்தான் பாதிப் பேர். உட்கார்ந்து கேட்டார்கள்.

டீக்கடைக்காரர் விடவில்லை. "வியாதி வந்தா நீங்களா பொறுப்பு?" என்றார். அவர் கேட்டது நியாயம். அதை மழுப்பக் கூடாது. சுகாதார ஆய்வாளரும் வந்திருந்தார். அவரும் அண்ணன் மகளுமாகப் பதில் சொன்னார்கள். நிபா கிருமி இந்தப் பழந்தின்னி வௌவால்களிடம் இருக்கக் கூடியதுதான். மலேசியாவில் 1998-லும் 1999-லும் பன்றிப் பண்ணைகளில் பரவி மனிதர்களுக்கு வந்தபோதுதான் முதன் முதலில் தெரிந்தது. ஆனால் வௌவால் தலைக்கு மேல் பறந்தால் நோய் வராது. அதன் எச்சிலோ சிறுநீரோ பட்டதை நாம் சாப்பிட்டால், குடித்தால், நோயுற்றவரை நெருங்கிக் கவனித்தால் வரலாம். வெடி போட்டு விரட்டினால் நாலா ஊருக்கும் சிதறும். பயத்திலும் பட்டினியிலும் அதன் உடம்பு நலியும்போது கிருமி அதிகமாக வெளியேறும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஆக, விரட்டுவதுதான் ஆபத்தை வீட்டுக்குள் கூட்டி வருவது.

அப்போது ஒரு வயதான அம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "ஏம்ப்பா, அய்யனாருக்கு விளக்கு எரிச்சது எந்த எண்ணெயிலே? மறந்துட்டீங்களா?"

எல்லாரும் மௌனமாகிவிட்டார்கள். இளசுகளுக்குப் புரியவில்லை. அந்தக் காலத்தில் ஆடி மாதத்தில் விடியற்காலையில் கூடையோடு அந்த மரத்தடிக்குப் போவார்களாம். வௌவால்கள் எங்கிருந்தோ இலுப்பைப் பழத்தைக் கவ்விக்கொண்டு வந்து, சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டிருக்கும். அந்தக் கொட்டையைப் பொறுக்கி, காயவைத்து, செக்கில் ஆட்டி எடுத்த இலுப்பெண்ணெயில்தான் கோயில் விளக்கு எரிந்தது. மரம் ஏறிப் பறிக்காமல் ஊருக்குக் கிடைத்த கூலியில்லாத வேலை.

பழத்தைத் தின்கிறது என்று நாம் திட்டுகிறோம். அது பழத்தை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். ஆல், அரசு மாதிரி பொடி விதைகளை விழுங்கிவிட்டுப் பறக்கும்போதே எச்சமிடும். பெரிய கொட்டைகளைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடும். ஒரு ராத்திரியில் பல மைல் போகிற பிராணி. நாம் நடாமல் முளைத்த மரம் எத்தனையோ, அதில் இதன் பங்கும் உண்டு. மதுரைக்குக் கிழக்கே புளியங்குளம் என்ற ஊரில் ஆலமரத்து வௌவால்களை முனியாண்டி சாமியின் காவலில் உள்ளவையாக மக்கள் காப்பதைப் பற்றி மதுரை காமராசர் பல்கலைக் கழகத்து விஞ்ஞானி மாரிமுத்து 1988-லேயே எழுதியிருக்கிறார். தீபாவளிக்கு வௌவாலுக்காகப் பட்டாசு வெடிக்காத ஊர்களும் நம் தமிழ்நாட்டில் உண்டு.

கடைசியில் முடிவாயிற்று. மரம் இருக்கட்டும், குழாய் நகரட்டும். குடிநீர்க் குழாயைப் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் மாற்றினார்கள். மரத்தைச் சுற்றி முள்வேலி. டீக்கடைக்காரர் தன் பெஞ்சைத் தள்ளிப் போட்டுக்கொண்டார், முணுமுணுத்துக்கொண்டே. மரம் தப்பியதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் முப்பத்தொரு வருஷத்துப் பாரம் அதில் கரைந்தது என்று சொன்னால் பொய்.

அதிலிருந்து வருஷந்தோறும் ஜூன் மாதம் முதல் வாரத்தில் எண்ணுகிறோம். 2020-ல் கொரோனா வந்தபோது மறுபடியும் வௌவால் மேல் பழி வந்தது. நாங்கள் நாலு பேரும் நாலு மூலையில் முகக்கவசத்தோடு நின்று எண்ணினோம். எங்களுக்குத்தான் அது பழகிப் போயிருந்ததே! அந்த வருஷத்திலிருந்து என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். டார்ச் பிடிக்கத்தான் வந்தார். இப்போது தெற்குப் பக்கம் அவருடையது. அவருக்கு மட்டும் எப்போதும் ஐந்து பத்து அதிகமாக வரும். "எனக்குக் கண் நல்லாத் தெரியுது" என்பார்.

எண்ணிக்கை எப்போதும் ஏறுமுகமாக இருக்கிறது என்று சொல்ல ஆசை. அப்படி இல்லை. ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற மருத மரங்களைச் சாலைக்காக வெட்டிய வருஷம் எங்கள் மரத்தில் திடீரென்று கூடியது. புதிதாகக் குடிவந்தவை போலிருக்கிறது. வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து போன கதைதான். நீயும் தொங்கு, நானும் தொங்குகிறேன். அடுத்த வருஷம் மளமளவென்று குறைந்தது. சுற்றுவட்டாரத்தில் தின்னப் பழம் போதவில்லையோ என்று அண்ணன் மகள் சந்தேகப்பட்டாள். ஒரு மரத்தின் கணக்கை வைத்துச் சொல்லிவிட முடியாது, பல ஊர்க் கணக்கும் சேர வேண்டும் என்பாள். இப்போது பக்கத்தில் இரண்டு ஊர்ப் பெண்கள் எண்ணுகிறார்கள். அவர்களுக்கும் புளியங்கொட்டை முறைதான்.

எண்ணுவதும் உற்றுப் பார்ப்பதும் சின்ன விஷயம் இல்லை என்பதற்கு அவள் ஒரு கதை சொன்னாள். நம் தேனி மாவட்டத்து மேகமலையில் 1948-ல் ஒரு வௌவால் பிடிபட்டது. சாதாரண வகை என்று நினைத்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வைத்துவிட்டார்கள். தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தோங்லோங்யா அதை மறுபடி உற்றுப் பார்த்து, உலகில் வேறு யாரும் அறியாத புது இனம் என்று 1972-ல் எழுதினார். பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். 24 வருஷம் கையில் வைத்துக்கொண்டே நமக்குத் தெரியவில்லை! அதே 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தீங்கு செய்யும் பிராணிகளின் அட்டவணையில் போட்டது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்றிருந்த அந்த அட்டவணையை 2022-ம் வருடத்துத் திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்.

வாசக சகோதரிகளுக்கு வீட்டு விஷயமாக நாலு வார்த்தை. பறவையோ வௌவாலோ கடித்த பழத்தை, கடித்த இடத்தை மட்டும் நறுக்கிவிட்டுச் சாப்பிடும் வழக்கம் நம்மில் உண்டு. அதை விட்டுவிடுங்கள்; முழுப் பழத்தையும் குப்பையில் போடுங்கள். மரத்தடியில் பொறுக்கின பழத்தைப் பிள்ளைகள் அப்படியே வாயில் வைக்க விடாதீர்கள். நல்ல பழத்தையும் கழுவி, தோல் சீவிக் கொடுங்கள். திறந்த பானையில் இறங்கிய பதநீரையும் கள்ளையும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். கிணற்றுக்கு வலை போடுங்கள். வீட்டுக்குள் வௌவால் நுழைந்தால் அபசகுனம் என்று துடைப்பத்தால் அடிக்காதீர்கள். விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டால் தானே போய்விடும். பிள்ளைக்கு இழுப்பு என்றால் டாக்டரிடம் போங்கள். வேட்டைக்காரரிடம் போகாதீர்கள்.

சென்ற வருஷம் ஜூன் மாதம் என் மகன் வந்திருந்தான். நாற்பதைத் தாண்டியவன், சட்டைப் பையில் இன்றும் இன்ஹேலர் உண்டு. ஆயாவுக்கு முழங்கால் வலி, அதனால் கிழக்குப் பக்கம் அவனை நிறுத்தினேன். இருட்டுகிற நேரம். முதல் வௌவால் கிளம்பியது, பிறகு பத்து, பிறகு வானம் கொள்ளாமல். சத்தமில்லாமல், அவசரமில்லாமல், துடுப்புப் போடுகிற மாதிரி இறக்கையைப் போட்டுக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே போயின.

எல்லாம் முடிந்து கொட்டையை எண்ணிக்கொண்டிருந்தபோது அவனிடம் சொன்னேன். "உனக்கு ஏழு வயசிலே ஒரு நாள் குழம்பு வெச்சுக் கொடுத்தேன். கோழின்னு சொல்லித்தான் கொடுத்தேன்…"

"தெரியும்மா" என்றான். "முருங்கை மரத்தடியிலே நீ எதையோ புதைச்சதை ஜன்னல் வழியாப் பார்த்தேன். நீ அழுதுட்டிருந்தே. நான் சாப்பிடலேன்னா இன்னும் அழுவியோன்னு சாப்பிட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் டம்ளரை என் பக்கம் நீட்டினான்.

"பதினோரு கொட்டை. அப்புறம் ஒரு நாலு தனியா. எழுதிக்கோம்மா, நூத்துப் பதினாலு."

எழுதிக்கொண்டேன்.